நாற்பத்து மூன்று மரங்கள்

விக்கிரமங்கலம்
12.10.1997, ஞாயிறு

அன்புள்ள மகன் ராஜராஜனுக்கு அப்பா சிங்காரவேலு எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்ல தூக்கம் தூங்கி இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம். எல்லோரும் நலம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போக இந்தத் தடவை கை வரவில்லை, ஏன் என்று பின்னால் எழுதுகிறேன். உன் அம்மா சிறுவாச்சூர் காளிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். நானும் வேண்டிக்கொண்டேன். என்னைத் தெரிந்த உனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வரும், வந்தால் சிரித்துக்கொள். ஒன்று மட்டும் சொல்கிறேன், இந்தக் கடிதத்தை வழக்கம்போல ரூமில் எல்லோருக்கும் படித்துக் காட்டாதே. தனியாக உட்கார்ந்து படி. யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை. ஆகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கொல்லையைப் பற்றி எழுதிவிடுகிறேன், நீ அதைத்தான் முதலில் கேட்பாய். நேற்றோடு புரட்டாசிச் சனி முடிந்தது. ஐப்பசி பிறக்க இன்னும் ஐந்தாறு நாள்தான் இருக்கிறது, வானம் நான்கு நாளாகக் கிழக்கே கறுத்துக் கறுத்துக் கலைந்துகொண்டிருந்தது, மழைக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலையோ பாதி அப்படியே கிடந்தது. போன வருஷம் தண்ணீர் தேங்கி மல்லிகைச் செடி இரண்டு அழுகிப்போனதே, அதனால் இந்தத் தடவை கிணற்றடியிலிருந்து தெருக் கால்வாய் வரைக்கும் ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டிவிட்டேன், வெட்டி முடித்து இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பூவன் வாழை இரண்டு குலை தள்ளியிருக்கிறது, சவுக்குக் கழியால் முட்டுக் கொடுத்துக் கட்டியாயிற்று. சேனைக்கு மண் அணைத்தேன். எருக்குழியில் இருக்கிற சத்தெல்லாம் மழையில் கரைந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடும் என்று உன் அம்மா பனை ஓலை போட்டு மூடி, மேலே செங்கல்லும் வைத்துவிட்டாள். அவரைப் பந்தலில் ஒரு காலைக் கரையான் தின்றிருந்தது, அதை மாற்றியாயிற்று, மார்கழிப் பனி விழுந்தால்தான் அதில் காயைப் பார்க்கலாம் என்றாலும் பந்தல் அதுவரை நிற்க வேண்டுமே. மார்கழிக் கோலத்தில் வைக்கப் பூ வேண்டும் என்று பரங்கி விதையும் ஊன்றியிருக்கிறாள். ஆக எல்லாம் நடந்தது, முருங்கை ஒன்றுதான் பாக்கி நின்றது. மேற்கு அறை ஓட்டுக்கு மேலே ஒரு கிளை சாய்ந்து நீண்டிருக்குமே, அது இந்த வருஷம் என் தொடை கனத்துக்குப் பெருத்துவிட்டது. முருங்கைக்கு உடம்பெல்லாம் தண்ணீர், ஒரு காற்று அடித்தால் முறிந்து ஓட்டின்மேல் விழும். ஓட்டுக்குக் கீழே மருமகள் சசிகலா படுத்திருக்கிறாள். வருஷா வருஷம் புரட்டாசி முடிவதற்குள் உன் அம்மா ஏறி வெட்டிவிடுவாள், இந்த வருஷம் அவளுக்கு வலது முழங்கால் வீங்கி உட்கார்ந்தால் எழ முடியவில்லை.

இதற்கு நடுவில்தான் செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. வழக்கம்போல நடுக்கூடத்தில் உட்கார்ந்து நான் சத்தமாகப் படித்தேன். சசிகலா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், உன் அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அபுதாபியில் இப்போது வெயில் இறங்கிவிட்டது, இனிமேல்தான் அங்கே தோட்டம் போடுகிற காலம் என்று நீ எழுதியிருந்ததைப் படித்தேன். கோடையில் காய்ந்ததையெல்லாம் பிடுங்கி, மண்ணைக் கொத்தி எருவும் மணலும் கலந்து, பனிக்காலப் பூநாற்று நடப் பாத்தி கட்டுகிறீர்கள், வேலிச் செடிகளை முழங்கால் உயரத்துக்குக் கத்தரிக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். மனுஷன் ஏ.சி. இல்லாமல் இருக்க முடியாத ஊரில் பனிக்காலத்துக்குத் தோட்டம் தயார் செய்கிறார்களாம், கேட்டுக்கோ என்று உன் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். அவளும் சிரித்தாள். அடுத்த வரி, உன்னைக் கூலி ஆளிலிருந்து மாற்றி மரம் வெட்டும் செட்டில் போட்டிருக்கிறார்கள், கையில் ரம்பம் மிஷின் கொடுத்திருக்கிறார்கள், ரோட்டோரத்துப் பழைய மரங்களை எடுத்துவிட்டுப் புதிது வைக்கப்போவதால் இந்த ஒரு வாரத்தில் மட்டும் நாற்பத்து மூன்று மரத்தை அடியோடு வெட்டினேன், சூப்பர்வைசர் தோளில் தட்டிக்கொடுத்தார் என்று. நாற்பத்து மூன்று என்பதை நான் இரண்டு தடவை படித்தேன். பெருமைதான், வேறென்ன. தலையை நிமிர்த்திப் பார்த்தால் முறம் தரையில் கிடக்கிறது, சசிகலா அங்கே இல்லை. உன் அம்மா என் கையிலிருந்த கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது.

தம்பி, சசிகலா முழுகாமல் இருக்கிறாள். இது ஐந்தாவது மாதம். நீ ஆனியில் கிளம்பிப் போன பிறகு ஆடியில்தான் தெரிந்தது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது உன் அம்மா. அவளைக் கோபித்துக்கொள்ளாதே. கல்யாணமான மறு வருஷம் மூன்று மாதத்தில் கலைந்துபோனதே, அப்போது செய்தி போன மூன்றாவது நாள் நீ கம்பெனியில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் விமானம் ஏறி வந்து நின்றாய், இருந்த வேலையும் போயிற்று, வந்து பார்த்தும் உன்னால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு ஐந்து முடியட்டும், அப்புறம் எழுதலாம், அதுவரை யார் வாயிலும் விழ வேண்டாம் என்றாள். சசிகலாவிடம் சத்தியமே வாங்கிவிட்டாள். அந்தப் பெண் உனக்கு எழுதிய நான்கு கடிதத்திலும் ஆட்டுக்குட்டியைப் பற்றியும் அவரைக் கொடியைப் பற்றியும் எழுதியதற்குக் காரணம் அதுதான். எனக்கு இது பிடிக்கவில்லை, ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், அப்புறம் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டது என் தப்பு. உனக்குத் தெரிந்திருந்தால் நீ அந்த ரம்பத்தை வாங்கியிருக்க மாட்டாய், அல்லது வாங்கினாலும் நாற்பத்து மூன்று என்று எண்ணி எழுதியிருக்க மாட்டாய். பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் பச்சை மரத்தில் கத்தி வைக்கக் கூடாது என்பது நம் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். உனக்குத் தெரியாமல் போனது அது இல்லை, பிள்ளை இருப்பதுதான்.

அன்று சசிகலா சாப்பிடவில்லை. திங்கட்கிழமைதான் முதல் தடவையாக வயிற்றில் ஏதோ மீன் துள்ளியதுபோல இருந்தது என்று உன் அம்மாவிடம் சொல்லி வெட்கப்பட்டிருக்கிறாள், செவ்வாய்க்கிழமையிலிருந்து அசைவே இல்லை என்று வயிற்றில் கையை வைத்தபடி படுத்துவிட்டாள். புதன்கிழமை காலையில் கொஞ்சம் ரத்தம் பட்டது. உடனே கார் பிடித்து ஜெயங்கொண்டத்துக்குக் கூட்டிப்போனோம். லேடி டாக்டர் பொறுமையான அம்மாள், கருவியை வைத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்குத் துடிப்பு இருக்கிறது, ஆனால் பத்து நாள் பாத்ரூம் போவதைத் தவிரப் படுக்கையை விட்டு எழக் கூடாது, பத்து நாள் தாண்டினால் தைரியமாக இருக்கலாம் என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார். இன்னும் ஆறு நாள் இருக்கிறது. உன்னிடம் மறைப்பது இனிமேல் இல்லை என்று முடிவு செய்துவிட்டதால் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்கு மேல் ரத்தம் படவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டாக்டர் சொன்னதை அவள் நம்பவில்லை, நாற்பத்து மூன்றைத்தான் நம்புகிறாள். கஞ்சி கொண்டுபோய் வைத்தால், எத்தன மரம் மாமா, நாப்பத்து மூணா, சரியாப் படிச்சீங்களா, என்று என்னைக் கேட்கிறாள்.

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய்க்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வந்து வாசலில் நின்றபடியே, இன்னும் என்னா பாத்துக்கிட்டு இருக்கீங்க, ஒடனே போன் போட்டு ஒங்க புள்ளய மரம் வெட்டறத நிறுத்தச் சொல்லுங்க, நிறுத்திட்டு அங்கயே ஒரு செடிய நட்டுத் தண்ணி ஊத்தச் சொல்லுங்க, என்றாள். உன் அம்மாவும் போகச் சொன்னாள். வியாழக்கிழமை கடைவீதிக்குப் போனேன். அரியமுத்துவின் டெலிபோன் பூத்தில் வேறு ஆள் இல்லை, லைனும் நன்றாகத்தான் இருந்தது. நீ எழுதி அனுப்பிய நம்பரை அவன் கையில் கொடுத்தேன், போடட்டுமாண்ணே என்று கேட்டான். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வேண்டாம், நேரம் சரியில்லை, அங்கே வேலையில் இருப்பான் என்று சொல்லி நம்பரைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் லைன் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். மறுநாளே அரியமுத்து சந்தையில் உன் அம்மாவைப் பார்த்து, அண்ணன் வந்துட்டுப் பேசாமயே போயிட்டாங்களே என்று கேட்டிருக்கிறான். அவள் வீட்டுக்கு வந்து என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் ஏன் பேசவில்லை என்பதை உனக்குச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். போனில் நான் எதைச் சொல்வது? வெட்டாதே என்று சொன்னால், நீ சூப்பர்வைசரிடம் போய் என் மனைவி முழுகாமல் இருக்கிறாள், மரம் வெட்ட மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அவன் எந்த ஊர்க்காரனோ, சிரிப்பான், இல்லாவிட்டால் கிளம்பு என்பான். அதுகூடப் பெரிதில்லை. வேலை போனால் இன்னொரு வேலை. ஆனால் வெட்டாதே என்று என் வாயால் நான் சொல்லிவிட்டால், இதுவரைக்கும் வெட்டியதற்கு நீதான் பொறுப்பு என்றும் சொன்னதாக ஆகிவிடும். நாளைக்கு ஒன்று நடக்கக் கூடாதது நடந்துவிட்டால், நீ சாகிற வரைக்கும் உன் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாய். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தது. உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நாங்கள் சொல்ல விடவில்லை. அறுபத்தாறாம் வருஷம், இதே புரட்டாசி. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஊர்ப் பெரியவர்களையெல்லாம் வம்புக்கு இழுத்துப் பகுத்தறிவு பேசித் திரிந்த காலம். உன் அம்மாவுக்கு ஏழாவது மாதம். மழைக்கு முன்னால் மாட்டுக் கொட்டகைக்கு உத்திரம் மாற்ற வேண்டியிருந்தது, கொல்லை நடுவில் நன்றாக விளைந்த பூவரசு ஒன்று நின்றது. உன் அம்மா, வேணாங்க, பொறந்த பொறவு வெட்டிக்கலாம், ரெண்டு மாசந்தானே, என்றாள். கெஞ்சித்தான் சொன்னாள். நான் வேலியோரம் நின்ற நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, மரத்துக்கும் வயித்துக்கும் என்னடி சம்பந்தம், வேர் அங்க வரைக்குமா ஓடுது, என்று கேட்டு அவர்களைச் சிரிக்க வைத்தேன். அவசரமே கிடையாது, கழியை வைத்து முட்டுக் கொடுத்தே அந்த மழையைத் தள்ளியிருக்கலாம். ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று வெட்டினேன். பதினோராவது நாள் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. தலை நிறைய முடி. ஓடைக்கரையில் நானே குழி தோண்டினேன்.

உன் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. ஆனால் அடுத்த புரட்டாசியில் நான் கொட்டகைக் கூரை இறவாணத்தில் செருகியிருந்த அரிவாளை எடுக்கப் போனபோது, நான் வெட்டிக்கிறேன் என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான். அன்றைக்கு வாங்கினவள் திருப்பிக் கொடுக்கவில்லை. முருங்கையில் ஏறுவது அவள், கிளையை இழுத்து ஒதுக்குவது நான். அரிவாளைத் தீட்டிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. பக்கத்துத் தெரு வெள்ளைச்சாமி வேலியோரமாகப் போகும்போதெல்லாம், அண்ணே ஒங்க வூட்டுல யாரு ஆம்பள என்று கேலி பேசுவான், நானும் அவனோடு சேர்ந்து சிரிப்பேன். அப்பா ஏன் மரம் ஏற மாட்டேங்கறார் என்று நீ சின்ன வயதில் கேட்டபோது தலை சுற்றும் என்று சொல்லியிருக்கிறேன், அது பொய். நீ வயிற்றில் இருந்த பத்து மாதமும் நான் ஒரு வேப்பங்குச்சிகூட ஒடிக்கவில்லை, பற்பொடிக்கு மாறினவன் இன்று வரைக்கும் பற்பொடிதான். வெளியே மேடையில் சாஸ்திரமெல்லாம் பொய் என்று பேசிவிட்டு வந்து வீட்டில் பற்பொடி தேய்த்தவன் உன் அப்பன். மேடைப் பேச்சும் கொஞ்ச நாளில் நின்றுவிட்டது. நம்பிக்கை வந்ததால் இல்லை, பயத்தால். இந்த முப்பத்தோரு வருஷமும் மழை இருட்டும்போது எனக்கு அந்தப் பூவரசு விழுந்த சத்தம்தான் கேட்கும். இதை உனக்குக் கொடுத்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அதனால்தான் போனைத் தொடவில்லை. செய்தது சரியா என்று வியாழக்கிழமையிலிருந்து யோசிக்கிறேன், தெரியவில்லை.

நேற்று மத்தியானம் காற்று கிளம்பியது. தூறல் இல்லை, வெறும் காற்று, தெருப் புழுதியெல்லாம் உள்ளே வந்தது. முருங்கைக் கிளை ஓட்டில் உரச ஆரம்பித்தது, உரசும்போதெல்லாம் அறைக்குள் ஓட்டுத்தூள் கொட்டுகிறது. சசிகலாவைக் கட்டிலோடு நடுக்கூடத்துக்கு மாற்றலாம் என்றேன், டாக்டர் அசைக்கக் கூடாது என்றாரே என்று உன் அம்மா தடுத்தாள். வெள்ளைச்சாமியைக் கூப்பிடலாம் என்று பார்த்தால் அவன் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்கு ஷிப்ட் போயிருந்தான். உன் அம்மா முக்காலியைக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலைத் தூக்கி வைத்தாள். முழங்கால் மடங்கவில்லை. இரண்டாவது தடவையும் வைத்துப் பார்த்தாள், வலியில் முகம் கோணிப்போயிற்று, மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன், கை சும்மாதான் இருக்கிறது, கொடு என்று கேட்க வாய் வரவில்லை. அப்புறம் அவள் திரும்பினாள். அரிவாளைப் பிடி என் பக்கம் வரும்படி நீட்டினாள். சசிகலா படுத்திருக்கிற அறை ஜன்னல் அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில் திறந்துதான் இருந்தது. உன் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே, நல்ல சத்தமாக, நீங்களே வெட்டுங்க, என்றாள். அன்னைக்கு நீங்க மரத்த வெட்டுனதால ஒண்ணும் போவல, அதுக்கு நாலு நாளு முந்தியே எனக்குக் காய்ச்சலு, ஒங்ககிட்ட சொல்லாம கடலை பறிக்கப் போனேன், வயித்துல அசைவு அப்பவே நின்னுபோச்சு, மரம் என்னா பண்ணும், வெட்டுங்க, என்றாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். முப்பத்தோரு வருஷம் ஒரே பாயில் படுத்து எழுந்து இதை எப்படிச் சொல்லாமல் இருந்தாள் என்று. அடுத்த நிமிஷம் சந்தேகம், இது நடந்ததா, இல்லை உள்ளே படுத்திருக்கிற பெண்ணின் காதில் விழட்டும் என்று அந்த இடத்திலேயே கட்டிய பேச்சா என்று. அவள் முகத்தைப் பார்த்தேன், அதிலிருந்து என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டேன். உண்மையாக இருந்தால் என்னைப் போல அவளும் ஒன்றைத் தனியாகத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். பொய்யாக இருந்தால் அந்தப் பழியை நேற்றுத்தான் என் தலையிலிருந்து எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். எப்படி இருந்தாலும் நான் அரிவாளை வாங்கிக்கொண்டேன். முக்காலியில் ஏறினேன், உன் அம்மா என் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள். பழக்கம் விட்டுப்போனதால் முதல் வெட்டு நழுவிப் பட்டையைத்தான் சீவியது, மெல்ல மெல்லப் பதினைந்து இருபது வெட்டு வெட்டித்தான் கிளையை இறக்கினேன். ஓட்டில் விழாமல் கயிறு கட்டி இழுத்தேன், இரண்டு ஓடுதான் உடைந்தது. வெட்டு வாயில் சாணி அப்பினேன். நல்ல போத்தாக மூன்றைத் தறித்து வேலியோரம் நட்டேன், வருகிற மழையில் துளிர்த்துவிடும். எல்லாம் முடிந்து நாங்கள் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது உள்ளேயிருந்து சசிகலா குரல் கொடுத்தாள். நான் பயந்துவிட்டேன். அத்த, அந்தக் கெளையில பூ நெறையா இருந்துச்சு, ஆட்டுக்குப் போட்டுடாதீங்க, உதுத்து வைங்க, என்றாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் சாப்பாட்டைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் முருங்கைப்பூப் பொரியலோடு ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அசைவு தெரிகிறதா என்று உன் அம்மா கேட்டதற்கு இன்னும் இல்லை என்றுதான் சொல்கிறாள். மழை நேற்று ராத்திரி பிடித்தது, இதை எழுதும்போதும் பெய்துகொண்டிருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் நன்றாக வடிகிறது.

ஆகவே தம்பி, நான் சொல்வதைக் கேள். வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. மாசியில் பிள்ளை பிறக்கும், அதற்கு லீவு கேட்டு இப்போதே எழுதிக் கொடுத்து வை. அதுவரைக்கும் சூப்பர்வைசர் காட்டுகிற மரத்தை வெட்டு. ரம்பத்தைப் பிடிக்கும்போது நாங்கள் என்ன நினைப்போமோ என்று கையைத் தயங்கவிடாதே, மிஷின் அது, தயங்கினால் விரலை வாங்கிவிடும். இந்த ஆறு நாளில் நல்லது நடந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். நடக்காமல் போனால், இதை நன்றாகக் கேட்டுக்கொள், அது உன் கையால் நடந்ததில்லை. உன் அப்பன் சொல்கிறேன், இதில் என்னைவிட அதிகம் தெரிந்தவன் இந்த ஊரில் கிடையாது. சசிகலாவுக்கு நீ தனியாக ஒரு கடிதம் எழுது. ஏன் மறைத்தாய் என்று கேட்காதே, சத்தியம் வாங்கியது நாங்கள். பத்தாம் நாள் டாக்டரிடம் போய் வந்ததும் அரியமுத்து பூத்திலிருந்து கட்டாயம் பேசுகிறேன், எது என்றாலும் பேசுகிறேன், இந்தத் தடவை வாசலில் நின்றுவிட்டு வர மாட்டேன்.

கைக்கு உறை போடாமல் வேலை செய்யாதே என்று உன் அம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டாள். மரத்தூள் தெறித்துக் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும், கண்ணாடி கொடுத்தால் கழற்றி ஓரத்தில் வைக்காமல் போட்டுக்கொள். குளிர் வந்தால் உனக்குச் சளி பிடிக்கும், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வெளியே போகாதே. நீயும், உன் மனைவியும், உன் வீட்டுக்கு வருகிற பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் உன் அம்மா கலியம்மாளும் மனமார ஆசீர்வாதம் செய்கிறோம். மறக்காமல் ஒன்று செய். அடுத்த கடிதத்தில் இந்த வாரம் எத்தனை மரம் வெட்டினாய் என்று முன்பு எழுதியதுபோலவே எண்ணி எழுது. ஒன்றையும் குறைத்து எழுதாதே. நான் நடுக்கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. சிங்காரவேலு